மேலமாசி வீதி குடும்பம்: இன்று ஒன்றும் இல்லை

(ரம்யாவின் ஃபோனில் உள்ள குடும்ப குரூப்பிலிருந்து, நேரமெல்லாம் இந்திய நேரம். கீதா சித்தியும் சுந்தர் சித்தப்பாவும் ஆஸ்திரேலியாவில், வண்டிக்குப் பின்னால் கேரவன் என்ற வீட்டு வண்டியை இழுத்துக்கொண்டு, மேற்கே போய்க்கொண்டிருக்கிறார்கள்)

காலை 4:50
கீதா சித்தி: காலை வணக்கம். அங்கே விடிந்திருக்காது, எழுந்ததும் பாருங்கள். இங்கே மணி 8:05. மதுராவிலிருந்து கிளம்புகிறோம். இன்று பலடோனியா வரை, சுமார் 340 கிலோமீட்டர். நடுவில் இரண்டே இரண்டு ரோடுஹவுஸ், அதாவது பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் இடம்.

4:58
அம்மா: நான் நாலரைக்கே எழுந்துவிட்டேன், பால் காய்ச்சியாயிற்று. என்னது, மதுரையா?

5:01
கீதா சித்தி: மதுரை இல்லை அக்கா, மதுரா. ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மோட்டல், கேரவன் நிறுத்த இடம். ஊரே அவ்வளவுதான். 1876-ல் இங்கே குதிரை வளர்த்திருக்கிறார்கள், இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் குதிரைப்படைக்கு அனுப்ப.

5:03
அம்மா: குதிரை இங்கே வந்தது, நீ அங்கே போய்விட்டாய். சாப்பிட்டாயா?

5:04
கீதா சித்தி: உப்புமா. கறிவேப்பிலை இல்லாத உப்புமா.

5:04
அம்மா: ஏன்? தொட்டியில் செடியே வைத்திருந்தாயே?

5:08
கீதா சித்தி: நேற்று மேற்கு ஆஸ்திரேலியா எல்லையில் கொடுத்துவிட்டேன் அக்கா. பழம், காய், தேன், செடி எதையும் உள்ளே விட மாட்டார்கள், பூச்சி வந்துவிடும் என்று. அதிகாரி பாவம், நல்ல பெண். வேன் முழுக்கப் பார்த்துவிட்டு, செடியை இரண்டு கையாலும் பிடித்து வாங்கிக்கொண்டாள். வெங்காயத்தையும் பூண்டையும் முந்தின ராத்திரியே தொக்காக வதக்கிவிட்டேன். வதக்கியது போகலாம்.

5:09
அம்மா: நாலு வருஷத்துச் செடி 😔

6:24
கீதா சித்தி: காக்கிள்பிடி வந்தாயிற்று. டீ குடிக்க நிறுத்தினோம். கேரவன் கதவைத் திறந்தால் ஒரே இட்லிப் பொடி வாசனை. மேல் அலமாரியின் கொக்கியைச் சரியாக மாட்டவில்லை, டப்பா மெத்தை மேலே கொட்டிவிட்டது. போர்வை, தலையணை, சுந்தரின் பைஜாமா எல்லாம் சிவப்பு.

6:26
கார்த்தி: அம்மா, கிளம்பும்போது செக்லிஸ்ட் படிப்பீர்களே?

6:29
கீதா சித்தி: உன் அப்பாதான் படித்தார். கேஸ் மூடியாச்சா, படி மடித்தாச்சா, முன் சக்கரம் தூக்கியாச்சா, ஒவ்வொன்றுக்கும் டிக். வண்டியை இரண்டு தடவை சுற்றிவேறு வந்தார். அலமாரி என் பொறுப்பு. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

6:31
அம்மா: அள்ளிச் சலித்து வை. நல்ல பொடி, நான் அனுப்பியது.

6:33
கீதா சித்தி: அக்கா, போர்வையில் கொட்டியதைச் சலிப்பதா?

6:33
அம்மா: உன் வீட்டுப் போர்வைதானே.

7:19
ரம்யா: இப்போதுதான் எழுந்தேன். சித்தி, நீங்கள் கடக்கிற சமவெளிக்கு நல்லார்பர் என்று பெயராமே, லத்தீனில் மரமே இல்லை என்று அர்த்தமாம். நீங்கள் அனுப்பிய ஃபோட்டோவில் மரம் இருக்கிறதே?

7:52
கீதா சித்தி: அதை ஏன் கேட்கிறாய், நானும் ஏமாந்தேன். நெடுஞ்சாலையில் போனால் முழு மொட்டை வெளி கொஞ்ச தூரம்தான், நல்லார்பர் ரோடுஹவுஸ் பக்கம். மற்ற இடமெல்லாம் குட்டையாக யூகலிப்டஸ், சாம்பல் நிறத்தில் உப்புப் புதர். நிஜமான வெட்டவெளி வடக்கே, ரயில் போகும் இடத்தில். இப்போது கைகுனாவில் டீசல் போடுகிறோம். எதிர்க்காற்று, வண்டி டீசலைத் தண்ணீர் மாதிரி குடிக்கிறது.

7:55
சேது மாமா: ரயில் என்று சொன்னதால் வருகிறேன். அந்தப் பாதையில் 478 கிலோமீட்டர் வளைவே கிடையாது, உலகத்திலேயே நீளமான நேர்ப்பாதை. 1917-ல் முடித்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸ், திருச்சி பொன்மலையில் இருந்தபோதே படித்து வைத்திருக்கிறேன். டிரைவருக்கு என்ன வேலை என்றுதான் யோசிப்பேன்.

7:57
கீதா சித்தி: அண்ணா, எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. இங்கிருந்து 146.6 கிலோமீட்டர் ரோடு திரும்பவே திரும்பாது. 90 மைல் ஸ்ட்ரெய்ட் என்று போர்டு வைத்திருக்கிறார்கள், எல்லோரும் அதன் கீழே நின்று ஃபோட்டோ எடுக்கிறார்கள்.

7:59
கீதா சித்தி: இன்னொன்று, இங்கே கடிகாரத்தை 45 நிமிஷம் பின்னால் வைக்க வேண்டும். எல்லையிலிருந்து இதுவரை இவர்களாகவே ஒரு நேரம் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள், இந்தியாவைவிட மூன்றே கால் மணி முன்னால். இனிமேல் பெர்த் நேரம், இரண்டரை மணி முன்னால். சுந்தருக்கு வயிறு மட்டும் பழைய நேரத்தில் இருக்கிறது. சாப்பாடு எப்போது என்று கேட்டாயிற்று.

8:02
கீதா சித்தி: சரி, இந்த நேர்ரோட்டை நான் ஓட்டப்போகிறேன். கேரவனை இழுத்துக்கொண்டு இதுதான் முதல் தடவை. வளைவில் திருப்பத்தான் பயம், திருப்பமே இல்லாத ரோட்டில் என்ன சாக்கு?

8:03
ரம்யா: சித்தி!! 👏

8:03
அம்மா: எதற்கு இந்த வேலை. மெதுவாகப் போ.

9:04
சுந்தர் சித்தப்பா: கீதா ஓட்டுகிறாள். 85-ல். எல்லாம் சரி.

9:06
அம்மா: என்ன தெரிகிறது தம்பி?

9:06
சுந்தர் சித்தப்பா: ரோடு.

9:07
அம்மா: வேறு?

9:09
சுந்தர் சித்தப்பா: ஒன்றும் இல்லை மதினி. ஒட்டகம், ஈமு, கங்காரு மூன்றும் போட்ட எச்சரிக்கை போர்டைத் தாண்டினோம். மூன்றில் ஒன்றும் வரவில்லை.

9:15
சேது மாமா: மாப்பிள்ளை, எதிரில் வண்டி வருகிறதா?

9:18
சுந்தர் சித்தப்பா: பத்து நிமிஷத்துக்கு ஒன்று மச்சான். தூரத்தில் ஒரு புள்ளி, பார்த்துக்கொண்டே இருக்கலாம், வந்து சேராது. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். கீதா கையையே தூக்கி ஆட்டுகிறாள்.

9:19
அம்மா: தெரிந்தவர்களா?

9:19
சுந்தர் சித்தப்பா: இல்லை.

9:31
சுந்தர் சித்தப்பா: பின்னால் ரோடு டிரெயின், பல டிரெயிலர் கோத்த லாரி. 36 மீட்டர் இருக்கும். 40-ஆம் சேனலில், முந்தப்போகிறேன் என்று ரேடியோவில் சொன்னான். கீதா வேகத்தைக் குறைத்து வழி விட்டாள். கேரவன் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. நான் இல்லாத பிரேக்கை மிதித்தேன்.

9:33
கார்த்தி: அப்பா இத்தனை வரி டைப் செய்து இப்போதுதான் பார்க்கிறேன்.

9:34
ரம்யா: ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாயிற்று.

10:02
கீதா சித்தி: வளைவு வந்துவிட்டது! ஒரு சின்ன வளைவு, நம் தெருமுனை அளவுகூட இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் ஏதோ மலைப்பாதையில் இறங்குவது மாதிரி இருந்தது. ஓரமாக நிறுத்தி இடம் மாறிவிட்டோம். நடு ரோட்டில் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தேன். என் காது இரைச்சல்தான் எனக்குக் கேட்டது.

10:05
அம்மா: நடு ரோட்டில் ஏன் நிற்கிறாய்.

10:41
கீதா சித்தி: பலடோனியா. வண்டியை நிறுத்தியாயிற்று. தொக்கும் சோறும். போர்வை வெளியே கயிற்றில் காய்கிறது, பக்கத்து வேன்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனார்.

12:36
கீதா சித்தி: அக்கா, இருக்கிறாயா? அண்ணா? இங்கே ரோடுஹவுஸிலேயே ஒரு சின்ன அருங்காட்சியகம். ஸ்கைலாப்புக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். 1979 ஜூலையில் விழுந்தது இந்தப் பக்கம்தானாம். குப்பை போட்டதாக எஸ்பெரன்ஸ் ஊராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டிருக்கிறது.

12:38
அம்மா: அந்த ஸ்கைலாப்பா??

12:38
ரம்யா: எந்த ஸ்கைலாப்?

12:44
அம்மா: அமெரிக்காக்காரன் மேலே விட்ட விண்வெளி நிலையம் ரம்யா. நம் தலையில்தான் விழப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பத்தா, சாகத்தானே போகிறோம், கோழியை யாருக்கு விட்டுவைக்க என்று இரண்டையும் அடித்துக் குழம்பு வைத்துவிட்டாள். மறுநாள் ரேடியோவில் ஆஸ்திரேலியாவில் விழுந்துவிட்டது என்றார்கள். அப்பத்தா காலியான கூட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

12:47
சேது மாமா: இரண்டு இல்லை, மூன்று கோழி. முட்டையிடும் கோழியும் போயிற்று.

12:48
அம்மா: இரண்டுதான். எனக்குக் கழுத்துத் துண்டுதான் வந்தது, அதனால் ஞாபகம் இருக்கிறது.

12:51
கீதா சித்தி: மூன்றுதான் அக்கா. மூன்றாவதை நானும் அண்ணனும் முந்தின நாளே பொரித்துத் தின்றோம், அப்பத்தாவிடம் சொல்லவில்லை.

12:52
அம்மா: 47 வருஷம் கழித்துச் சொல்கிறாய்.

12:53
சேது மாமா: கீதா, சிக்னல் போய்விட்டது என்று சொல்லிவிட்டு ஃபோனை வை.