புதுப்பிப்பு: ஃபைபர் படகின் அணியம் தூக்கித் தூக்கி அடித்த பிரச்சினை தீர்ந்தது

வேகமெடுத்தால் 18 அடி ஃபைபர் படகின் அணியம் (முன்முனை) தூக்கித் தூக்கி அடிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எடையை முன்னால் நகர்த்தச் சொன்னவர் யோசனைதான் பலித்தது.

இன்ஜினை ஒட்டிக் கிடந்த 25 லிட்டர் பெட்ரோல் கேன்கள் இரண்டையும் நடுப்பலகைக்கு முன்னால் கட்டினேன். நிரம்பிய கேன் ஒன்றே 18 கிலோவுக்கு மேல் வரும். பெட்ரோல் டியூப்பை மட்டும் நீளமாக மாற்ற வேண்டியிருந்தது. ஐஸ் பெட்டி நட்டநடுவில். அப்போதே ஆட்டம் பாதி குறைந்தது. இன்ஜின் சாய்வைப் பிடிக்கும் பின்னை ஒரு துளை படகுப் பக்கமாக மாற்றிப் போட்டதும் முழுதாக நின்றது. முன்னால் எடைக்காக மணல் மூட்டை வைக்கவே தேவைப்படவில்லை. அது எந்நேரமும் சுமக்கிற வெட்டி எடை.

எதிர்பாராதது ஒன்று: நங்கூரத்தையும் கயிற்றையும் சேர்த்து அணியத்தில் வைத்தால், பின்னாலிருந்து அலை தள்ளும்போது மூக்கு தண்ணீரில் குத்தி, படகு சட்டென்று பக்கவாட்டில் திரும்புகிறது. கவிழக்கூடிய ஆபத்து இது. நங்கூரம் இப்போது நடுவில்.

தளப்பலகைக்கு அடியில் தேங்கும் தண்ணீரையும் இறைத்துவிடுங்கள். வேகமெடுத்ததும் அத்தனையும் பின்னால் ஓடிச் சேரும். ஈர வலையை ஒரே ஓரமாகக் குவிக்காமல் இரு பக்கமும் பரப்புங்கள்.