கே18-ஆ, பீடிக்கூலியா? கணக்கெடுப்புத் தரவில் மாறிகளுக்குப் பெயர் வைக்கிற சண்டை

கார்நெல்
ஒரு வாரமாக மண்டை காய்ந்துபோய் எழுதுகிறேன். சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கம் வீடு வீடாகப் போய் இரண்டு சுற்று எடுத்த கணக்கெடுப்பு. கேள்வி எண்ணையே மாறிக்கு, அதாவது ஒரு கேள்வியின் பதில்கள் நிற்கிற பத்திக்கு, பெயராக வைத்திருந்தார்கள். முதல் சுற்றில் கே17 என்றால் போன வாரம் எத்தனை நாள் பீடி சுற்றினீர்கள், கே18 என்றால் அதற்குக் கிடைத்த கூலி. இரண்டாம் சுற்றில் ஆடு எத்தனை என்று ஒரு கேள்வியை நடுவில் சொருகிவிட்டார்கள், அதோடு எல்லாம் ஒரு எண் தள்ளிப் போய்விட்டது. இரண்டு கோப்பையும் ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினேன். அது பெயரைத்தான் பார்க்கும். இரண்டிலும் கே18 இருக்கிறது, இரண்டும் எண், முனகக்கூட இல்லை. 840, 760, 910 என்று வந்துகொண்டிருந்த பத்தி திடீரென்று 6, 5, 6 என்று இறங்குகிறது. வாரக்கூலி ஆறு ரூபாய்! பீடிக்கூலி_வாரம் என்று பெயர் இருந்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. கேள்வி எண்ணைப் பெயராக வைக்கிற பழக்கத்தையே விட்டுத் தொலைக்க வேண்டும் என்கிறேன்.
(பெயர்களை இங்கே தமிழில் எழுதுகிறேன், கோப்பில் ஆங்கில எழுத்துதான்.)

எட்டெழுத்து
தம்பி, தப்பு பெயரில் இல்லை, நடுவில் சொருகினவர் மேல். புதுக் கேள்வி வந்தால் 16அ என்று போட வேண்டியதுதானே, வரிசையை ஏன் கலைக்கணும்? எஸ்பிஎஸ்எஸ் என்ற இன்னொரு மென்பொருளில் பெயருக்கு எட்டெழுத்துக்கு மேல் இடமே கிடையாது என்ற காலத்தில் வேலை பழகியவன் நான். 2003-இல் 12-ஆம் பதிப்பு வந்த பிறகுதான் 64 பைட் ஆச்சு, ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட். எண் இருந்தால் பதிலில் சந்தேகம் வந்ததும் கேள்வித்தாளை எடுத்து நேரே அந்தக் கேள்விக்குப் போகலாம். தேசிய குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். வி012 என்றால் வயது, வி106 என்றால் கல்வி நிலை. உலகம் முழுக்க அதை வைத்துத்தான் கட்டுரை எழுதுகிறார்கள், யாரும் அழவில்லை.

முக்கூடல்காரி
அண்ணாச்சி மேசையில் உட்கார்ந்து பேசுகிறார். நான் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றவள். கே23 என்ன தெரியுமா, நிலம் எவ்வளவு. அவ்வளவுதான், அளவு என்ன என்று பெயரிலும் இல்லை, கேள்வியிலும் இல்லை. ஒரு தாத்தா 40 என்றார். அவர் சொன்னது சென்ட். அடுத்த வீட்டில் 2 என்றார்கள், அது ஏக்கர். மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர் இன்னும் மரக்கால் விதைப்பாட்டுக் கணக்கில்தான் (எத்தனை மரக்கால் விதை விதைக்கிற நிலம் என்று) சொல்வேன் என்கிறார். எல்லாம் ஒரே பத்தியில் போய் விழுந்தது. ஓட்டு வீட்டுத் தாத்தா நாற்பது ஏக்கர் மிராசுதார் ஆகிவிட்டார். பரப்பு_சென்ட் என்று பெயர் வைத்திருந்தால், பதிகிற பிள்ளைக்குக் கை ஒரு நொடி நின்றிருக்கும்.

பாளை_டீச்சர்
எட்டெழுத்து அண்ணாச்சி சொன்ன உதாரணம் அவருக்கே எதிராகப் போகிறது. வி106 கேள்வி எண்ணே கிடையாது. அந்த ஆய்வு பல நாடுகளில் ஒரே முறையில் எடுத்த ஆய்வுகளில் ஒன்று. அந்தந்த நாட்டுக் கேள்வித்தாளில் கல்விக் கேள்வி எந்த எண்ணில் வந்தாலும், கடைசியில் ஒரே சட்டத்துக்குள் மாற்றி வி106 என்று நிலையாகப் பெயர் கொடுக்கிறார்கள். பெண்களுக்கு வி, வீட்டுக்கு எச்வி, பேறுகால விவரத்துக்கு எம் என்று முன்னெழுத்தும் உண்டு. அந்த நாட்டில் மட்டும் கேட்ட கேள்விக்கு எஸ் என்று தனி வரிசை. சுற்றுகளை ஒட்டும்போது நமக்கு இடிக்கிறதெல்லாம் பெரும்பாலும் அந்த எஸ் வரிசையில்தான். அதாவது எண் நிலையாக இருந்தால் வாழ்கிறது, கேள்வித்தாளோடு சேர்ந்து நகர்ந்தால் சாகிறது.

எட்டெழுத்து
சரி, அது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அர்த்தப் பெயர் பொய் சொல்லும் டீச்சர், அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டேன் என்கிறீர்கள். எங்கள் கோப்பு ஒன்றில் மொத்தக்கடன் என்று ஒரு மாறி. கேள்வித்தாளைத் தேடி எடுத்துப் பார்த்தால், வட்டிக்கு விடுபவரிடம் வாங்கியது எவ்வளவு என்றுதான் கேட்டிருக்கிறார்கள். நகைக்கடன் கிடையாது, மகளிர் குழுக் கடன் கிடையாது. பெயரை நம்பி ஒரு பையன், இத்தனை வீட்டில் கடனே இல்லை என்று ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதிவிட்டான். அந்த வீட்டு நகையெல்லாம் பேங்கில் இருக்கு. கே31 என்று இருந்திருந்தால் பயல் கேள்வித்தாளைத் திறந்து பார்த்திருப்பான். ஒன்றும் புரியாத பெயர் ஆளைத் தேட வைக்கும், புரிந்த மாதிரி இருக்கிற பெயர் ஏமாற்றும். இன்னொன்று, கணக்கெடுப்புப் படிவம் செய்கிற கோபோ டூல்பாக்ஸில் பெயருக்கு ஒரு பத்தி, லேபிளுக்கு, அதாவது விளக்கத்துக்கு, ஒரு பத்தி என்று தனித்தனியாகத்தானே கொடுத்திருக்கிறான்? அர்த்தத்தை லேபிளில் வைங்க வே.

கார்நெல்
லேபிள் எல்லாம் சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றினால் போச்சு அண்ணாச்சி. எனக்கு வந்ததே சிஎஸ்விதான். வெறும் கே18. கடன் கதை உண்மையிலேயே வலிக்கிறது, ஆனால் அங்கே வட்டிக்கடன் என்று வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். பேராசைப்பட்டுப் பெரிய பெயர் வைத்ததுதான் பிரச்சினை.

தமிழ்முனி
நடுவில் வருகிறேன். ஏன் ஆங்கில எழுத்தில் வைக்கிறீர்கள்? வயது என்பதை ஒருத்தர் டிஎச் போட்டு எழுதுகிறார், ஒருத்தர் டியோடு நிறுத்துகிறார், ஒருத்தர் வயசு என்கிறார். ஒரே கோப்பில் மூன்றும் பார்த்திருக்கிறேன். தமிழிலேயே வைத்தால் பெரிய எழுத்து சின்ன எழுத்துத் தொல்லையும் இல்லை.

பாளை_டீச்சர்
ஆசைதான். ஆனால் பீடிக்கூலி என்பது நமக்கு ஐந்தெழுத்து. கணினி எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 கணக்கில் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்பட்டு 30 பைட் ஆகிறது. எஸ்பிஎஸ்எஸ்ஸின் 64 பைட்டில் பாதி அதிலேயே காலி. லேபிளைத் தமிழில் வையுங்கள், படிவத்தில் அதுதான் கேட்பவர் கண்ணுக்குத் தெரியும்.

முக்கூடல்காரி
நீளப் பெயருக்கும் ஒரு அடி இருக்கு. ஊர் வரைபடத்தில் போட ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பாக மாற்றினேன். அதில் பத்தியின் பெயர் பத்து எழுத்துதான். பீடி, கீழ்க்கோடு, வேஜ், ஆங்கிலத்தில் சரியாகப் பத்து. அதற்கப்புறம் சுற்று 1, சுற்று 2 என்று நான் போட்டதெல்லாம் அறுந்து விழுந்தது. இரண்டாவதற்கு அதுவே வாலில் ஒரு _1 ஒட்டிக்கொண்டது. அதனால் இரண்டாம் சுற்றுக்குப் பெயர் ஒன்று! வித்தியாசப்படுகிற துண்டை முன்னால் வைக்கணும் என்று அன்றைக்குத்தான் படித்தேன்.

பாளை_டீச்சர்
மாவட்டம் என்ற பெயரையும் யாரும் நம்பாதீர்கள். 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 என்றாலும் மாவட்ட எல்லை 2017 மார்ச் நிலவரம். அதில் தென்காசி திருநெல்வேலிக்குள்தான். நம் கோப்பில் இரண்டும் தனி. ஒட்டினால் சங்கரன்கோவில்காரர்களுக்குப் போக இடமில்லை. நான் இப்போது மாவட்டம்_2011 என்று வருடம் போட்டுத்தான் வைக்கிறேன், கூடவே 2011 மக்கள்தொகைக் கணக்கின் எண், திருநெல்வேலிக்கு 628.

கார்நெல்
இதுவரைக்கும் சண்டையில் எனக்குக் கிடைத்தது: அர்த்தப் பெயர், அளவு உள்ளே, கேள்வி எண் தனியாக கோட்புக் என்ற மாறி விளக்கப் பட்டியலில், சுற்று எண்ணோடு. அண்ணாச்சிக்குப் பாதி வெற்றி. ஆனால் ஒன்று மாட்டிக்கொண்டு நிற்கிறது. நெல் விளைச்சலுக்கு பருவம்1, பருவம்2 என்று இருக்கிறது. 1 என்பது கார் பருவமா, பிசானப் பருவமா?

எட்டெழுத்து
இது ஒரு கேள்வியா? ஜூனில் பாபநாசம் அணை திறந்தால் கார். அதுதான் 1.

முக்கூடல்காரி
நாங்கள் கேட்டது மார்ச்சில் அண்ணாச்சி. அப்போதுதான் பிசானம் அறுத்து முடித்திருந்தார்கள். கடைசியாக அறுத்ததிலிருந்து ஆரம்பியுங்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். எங்கள் குழு பிசானத்தைத்தான் 1 என்று எழுதியது. வீரவநல்லூர் குழு என்ன எழுதியது என்று தெரியாது.

கார்நெல்
அப்போ குழு எண் எந்த மாறியில் இருக்கு அக்கா?

முக்கூடல்காரி
கே3. முதல் சுற்றில்.