புதுப்பிப்பு: எங்கள் 17 வயதுப் பூனையை வழியனுப்பிவிட்டோம்

சிறுநீரகம் கடைசிக் கட்டத்தில் செயலிழந்திருந்த எங்கள் பூனையைக் கருணைக்கொலை செய்யலாமா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா என்று போன மாதம் உங்களிடம் இங்கே கேட்டிருந்தேன். முந்தாநாள் அனுப்பி வைத்துவிட்டோம்.

நல்ல நாள், கெட்ட நாள் என்று காலண்டரில் குறித்து வரச் சொன்னீர்கள். அதுதான் கண்ணைத் திறந்தது. போன வாரம் மட்டும் ஐந்து சிவப்பு வட்டம், அதாவது ஐந்து கெட்ட நாள். தோலுக்கடியில் சலைன் ஏற்றியும் வாந்தி நிற்கவில்லை. உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதையே விட்டுவிட்டாள். அவளா அது!

முதலில் மயக்க ஊசி. என் மடியிலேயே தூங்கிப்போனாள். அப்புறம்தான் உயிரை நிறுத்தும் மருந்தான பென்டோபார்பிட்டல்; சில நிமிடங்களில் இதயம் நின்றுவிட்டது. கண் மூடாது, கடைசியில் மூச்சு இழுப்பதுபோல் தெரியலாம், அது வலி இல்லை என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் பதறியிருப்பேன்.

அவசரப்பட்டுவிட்டேனா என்றால், இல்லை. நான்கு நாள் தாமதம் என்றே தோன்றுகிறது. அந்த நான்கு நாளும் எனக்காகத்தான், அவளுக்காக இல்லை.

வீட்டிலிருக்கும் இன்னொரு பூனை அவள் பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு அதிலேயே படுத்துக் கிடக்கிறது. சரி, பெட்டி இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும்.