புதுப்பிப்பு: பாஸ் மார்க்கும் வருகைப்பதிவும்

"செமஸ்டரில் 45 எடுத்தால் பாஸ்" என்று முன்பு எழுதியது பாதிதான் சரி. அண்ணா பல்கலையின் 2021 ஒழுங்குமுறையில், இணைப்புக் கல்லூரிகளின் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, தேர்வு 60. தேர்வில் 100-க்கு 45 என்பது 27 ஆகச் சுருங்கும். பாஸாக இரண்டும் சேர்த்து மொத்தம் 50-ம் வேண்டும்; அதைத் தொட இன்டர்னலில் 23 வேண்டும். இன்டர்னல் 15 என்றால் தேர்வில் 59 எடுக்கணும். மறுபக்கம், இன்டர்னல் முழுசாக இருந்தாலும் தேர்வில் 44 என்றால் அரியர்தான் மக்கா.

வருகை 75 சதவீதத்துக்குக் கீழே, ஆனால் 65-க்குக் குறையாமல் இருந்தால் மருத்துவச் சான்று கைகொடுக்கும். சான்றை அப்போதைக்கப்போதே கொடுத்துவிடுங்கள். 65-க்கும் கீழே போனால் தேர்வெழுத முடியாது, அடுத்த செமஸ்டருக்கும் போக முடியாது.

கோட்டாறு சவேரியார் திருவிழா விடுமுறைக்கு ஈடாக வேலைநாளாக வைக்கும் சனிக்கிழமையும் வருகைக் கணக்கில் உண்டு. நாகர்கோவில் பிள்ளைகள் கோட்டைவிடுவது அதில்தான்.