சுக்கான் உதறலும் சில்லு இரைவதும்: சொல் வேண்டும், அவசரம்

கிளிநொச்சி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

எல்லோருக்கும் வணக்கம். மோட்டார் வாகனத் திருத்துநர் வகுப்புக்குத் தமிழில் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நகர மறுக்கிறது. பழைய வாகனங்களில் வரும் இரண்டு குறைகள். ஒன்று, ஓடும்போது ஸ்ரியரிங், அதாவது சுக்கான், கையில் துடிப்பது. மற்றது, கீழேயிருந்து 'ஊம்' என்று வருகிற சத்தம். கையில் உள்ள குறிப்புகள் முதலாவதை 'அதிர்வு' என்றும் இரண்டாவதை 'இரைச்சல்' என்றும் எழுதிவிட்டுப் போகின்றன. எஞ்சின் நடுங்கினாலும் அதிர்வு, சைலன்சர் ஓட்டையானாலும் இரைச்சல். பெடியள் குழம்பாமல் என்ன செய்வார்கள்?

80 கிலோமீற்றர் வேகத்தை அண்டி வந்து, இன்னும் கூட்டினால் குறைகிற துடிப்பு பெரும்பாலும் வீல் பலன்ஸ் பிழை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். வாகனத்தை நிறுத்தி, ஜக் அடித்து, சில்லைக் கையால் அசைத்தால் ஆடுவது இன்னொன்று. மூன்றுக்கும் ஒரே சொல்லை எழுதிவிட்டு, எதைக் கழற்று என்று மாணவனுக்குச் சொல்வது?

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, சொல்லுக்கு அலைய வேண்டியதில்லை. 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்' என்று தொல்காப்பியர் உரியியலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதிர்வு பொதுச்சொல்லாகிப் போனது. விதிர்ப்பு சும்மா கிடக்கிறது. கையில் பிடித்த பொருள் நடுங்குவதற்கு இதைவிடப் பொருத்தம் உண்டா? வாளை விதிர்த்தான் என்பதும் கையோடு சேர்ந்த வினைதானே. ஆகவே 'விதிர்ப்பு'.

சத்தத்துக்கு 'முரல்வு'. வண்டு முரலும். வண்டுக்கு ஞிமிறு என்றும் மிஞிறு என்றும் பெயர் உண்டு. எழுத்து இடம் மாறினாலும் பொருள் மாறாது. தசை சதையானதும் சிவிறி விசிறியானதும் அப்படித்தான். இந்த இடமாற்றம் வன்னிப் பேச்சில் இன்னும் எந்தெந்தச் சொற்களில் நடக்கிறது என்று யாராவது திரட்டினால் நல்லது.

புதுக்குடியிருப்பு, கராஜ்:

ஐயா கோபிக்கக் கூடாது. வாகனம் கொண்டு வருகிறவர் 'விதிர்க்குது' என்று சொல்லமாட்டார். 'ஸ்ரியரிங் உதறுது' என்பார். சில்லு கையோடு அசைந்தால் நாங்கள் 'ஆட்டம் இருக்கு' என்போம். மேலும் கீழும் பிடித்து அசைத்து ஆடினால் பெயரிங் (சில்லு இலகுவாகச் சுழலத் தாங்குவது) அல்லது போல் ஜொயின்ட் (சில்லுத் தொகுதியைப் பிடிக்கிற உருண்டை மூட்டு). இரண்டு பக்கமும் பிடித்து அசைத்து ஆடினால், ஸ்ரியரிங் அசைவைச் சில்லுக்குக் கொண்டுபோகிற தண்டின் முனையை, ரை ரொட் என்டை, முதலில் பார்ப்போம். உதறலும் ஆட்டமும் வேறு வேறு என்று இங்கே தேத்தண்ணி வாங்கி வருகிற சின்னப் பெடியனுக்கும் தெரியும்.

சத்தத்துக்கு 'பெயரிங் இரையுது' என்பதுதான் பேச்சு. ஆனால் இரைவதெல்லாம் பெயரிங் இல்லை. ஓடும்போது நியூட்ரலில் விட்டுப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகம் விழுந்தும் சத்தம் விழாவிட்டால் எஞ்சினை விட்டுவிடலாம். பிறகு ஏ9 போல நேரான வீதியில் ஸ்ரியரிங்கை மெல்ல இடப்பக்கம் வெட்ட வேண்டும். பாரம் வலப்பக்கச் சில்லில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கப் பெயரிங்கைச் சந்தேகிக்கலாம். வெட்டும்போது மாறாமல், காப்பெற் வீதியிலிருந்து கிறவலுக்கு இறங்கும்போது மாறினால் ரயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருக்கும். அதற்குக் கிறவல் வீதி தேடி நாங்கள் அலையத் தேவையில்லை.

அறிவியல் நகர், பொறியியல் மாணவி:

அண்ணை சொன்ன உதறலுக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. சில்லின் சுற்றளவு 2 மீற்றர் என்று வைத்தால், 80 கிலோமீற்றர் வேகத்தில் அது செக்கனுக்கு ஏறக்குறைய 11 தடவை சுற்றும். ஒரு பக்கம் பாரம் கூடியிருந்தால் அத்தனை தடவை இழுக்கும். முன்பக்கச் சில்லுத் தொகுதியின் இயல்பு மீடிறன் (செக்கனுக்கு அது தன்பாட்டில் எத்தனை தடவை அதிரும் என்பது) அதற்குக் கிட்ட வரும்போது பரிவு ஏற்பட்டு உதறல் பெருகும். வேகம் அதைத் தாண்டினால் தணியும். 'இரைச்சல்' பற்றி ஒரு மறுப்பு: பல மீடிறன்கள் ஒழுங்கின்றிக் கலந்ததைத்தான் நாங்கள் அப்படி எழுதுகிறோம். இங்கே வருவதோ ஒரே சுருதியில், வேகத்தோடு ஏறி இறங்குகிற சத்தம். அதற்குத் தனிச்சொல் வேண்டும்.

மதுரை, மொழிபெயர்ப்பாளர்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 'பரிவு ஏற்பட்டு உதறல் பெருகும்' என்று படித்துவிட்டுச் சற்றுநேரம் விழித்தேன். எங்களுக்குப் பரிவு என்றால் இரக்கம். நாங்கள் ஒத்ததிர்வு என்கிறோம், மீடிறனை அதிர்வெண் என்கிறோம். இதை முதலில் ஒன்றாக்கினால் என்ன?

அறிவியல் நகர், பொறியியல் மாணவி:

ஒரு பொருள் அசைவதைக் கண்டு மற்றதும் சேர்ந்து அசைவது இரக்கம் இல்லாமல் வேறென்ன? எங்கள் சொல்லே பொருத்தம்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிள்ளை நன்றாகச் சொன்னது. ஆனால் தலைப்பில் 'சுக்கான்' என்று கிடக்கிறதே, அது அரபுச்சொல். 'திசைமாற்றி' என்றாவது எழுதலாமே.

முல்லைத்தீவு, படகு எஞ்சின் திருத்துபவர்:

கரையில் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து சுக்கான்தான். கப்பலில் வந்து இறங்கியிருக்கலாம், திரும்பிப் போகவில்லை. 'திசைமாற்றி உதறல்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கோ, பல்லு உதறும்.

புதுக்குடியிருப்பு, கராஜ்:

தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது, பழைய கார்களைப் பெற்றோல் துளி விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எஞ்சின் வெடிக்கும், புகைக்கும், இழுக்காது. அந்தக் குறைகளுக்கெல்லாம் யாரும் கூட்டம் போட்டுச் சொல் செய்யவில்லை. சொல் தானாக வந்தது. இதற்கும் இருக்கிற சொல்லை எடுங்கோ. இரையுது என்றால் 'இரையல்'.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வழக்கை நான் வெறுக்கிறவன் இல்லை. ஆனால் இரையலும் இரைச்சலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பரீட்சைத்தாளில் மாணவன் ஒன்றுக்கு மற்றதை எழுதுவான், திருத்துகிறவர் புள்ளி போடுவார். வேறுபடுத்தத்தானே சொல் கேட்டீர்கள்? முரல்வு என்று வைத்தால் குழப்பமே வராது.

அறிவியல் நகர், பொறியியல் மாணவி:

இதில் நான் ஐயா பக்கம். உதறலை விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் சத்தத்துக்கு முரல்வு.

மதுரை, மொழிபெயர்ப்பாளர்:

எங்கள் பக்கம் ரீங்காரம் என்பார்கள். ஆனால் லாரிச் சக்கரத்துக்கு அது கொஞ்சம் அழகு கூடிப்போகிறது. இரையல் எனக்குச் சரி.

முல்லைத்தீவு, படகு எஞ்சின் திருத்துபவர்:

இரையல். கடலும் இரையும், வாகனமும் இரையட்டும்.

கிளிநொச்சி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

நாளை வெள்ளி. கையால் அசைத்துக் காண்பது 'ஆட்டம்', ஓட்டத்தில் கையில் வருவது 'சுக்கான் உதறல்', பிரேக்கோடு வந்தால் 'பிரேக் உதறல்', வேகத்தோடு ஏறுகிற ஒரே சுருதிச் சத்தம் 'இரையல்'. அடைப்புக்குள் முரல்வும் போடுகிறேன், ஐயாவுக்காக. விதிர்ப்பை விட்டுவிட்டேன்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அடைப்புக்குள் போட்ட சொல்லை மாணவன் படிக்கமாட்டான் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் மறுப்பைப் பதிந்து வையுங்கள். சரி, பெயரிங்குக்கு என்ன எழுதினீர்கள்?

கிளிநொச்சி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

பெயரிங் என்றுதான்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கோயில் தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கி நிற்கிறதே போதிகை, அதற்கு என்ன குறை?

புதுக்குடியிருப்பு, கராஜ்:

மாஸ்ரர், இதைப் பார்க்க முதல் அச்சுக்குக் கொடுத்துவிடுங்கோ. பெயரிங் மாற்றும்போது அதன் 'சீல்' வளையத்தையும் புதிதாகப் போடச் சொல்லி ஒரு வரி சேருங்கோ, மறக்க வேண்டாம்.