பென்ட்ரைவ் பூட் மெனுல வரவே மாட்டேங்குது, போமட் பண்ணாம வின்டோஸை எழுப்ப வழி இருக்கா?

ஹட்டனிலிருந்து:
அண்ணேமாரே அவசரமா ஒரு உதவி. தங்கச்சியோட லெப்டொப், வின்டோஸ் 11, பேட்டரி செத்துட்டதால பிளக்லயே ஓடுறது, நேத்து மழையில அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கும்போதே கரண்ட் போயிருச்சு, இப்ப போட்டா பூட் டிவைஸ் இல்லன்னு மட்டும் வருது. கடையில கேட்டா போமட் பண்ணத்தான் வேணுமாம், ஆனா அவளோட ஏ லெவல் புரொஜெக்ட் முழுக்க அதுக்குள்ள. பூட் பென் செய்ற ரூஃபஸ் சொஃப்ட்வெயர்ல பாட்டிஷன் முறையை எம்பிஆர்னு போட்டு பென் செஞ்சேன், பூட் மெனுல பேரே காணோம்.

பண்டாரவளையிலிருந்து:
தம்பி, போமட் பண்ண விட்றாதீங்க. வின்டோஸைத் தொடக்குற பூட் ஃபைல் இருக்கிறது டிஸ்க்ல தனியா பிரிச்ச ஒரு சின்ன பகுதியில, அதாவது ஈஎஃப்ஐ பாட்டிஷன்ல, அநேகமா 100 எம்பி, அது கெட்டா புரொஜெக்ட் அழிஞ்சிருச்சுன்னு அர்த்தமில்ல. ரூஃபஸ்ல எம்பிஆர்னா பழைய பயோஸ் மெசினுக்கு, உங்களது யூஈஎஃப்ஐ, அதாவது புது முறையில பூட் ஆகுறது, அதனாலதான் காட்டல. பாட்டிஷன் முறை ஜிபிடி, டார்கெட் யூஈஎஃப்ஐன்னு மாத்தி திரும்ப செய்ங்க.

பென்ல பூட் ஆனதும் இன்ஸ்டோல் அமுக்காம ஷிஃப்ட்டும் எஃப்10ம் சேத்து அமுக்குங்க, கறுப்பு விண்டோ வரும். அதுல டிஸ்க்பார்ட் (diskpart), அப்புறம் லிஸ்ட் வால்யூம் (list volume)னு அடிங்க, டிஸ்க்ல இருக்கிற பகுதியெல்லாம் வரும். அதுல ஃபேட்32ன்னு இருக்கிற சின்னதை செலக்ட் பண்ணி (select volume, அப்புறம் அதோட நம்பர்) அசைன் லெட்டர்=எஸ் (assign letter=s)னு அடிச்சா அதுக்கு எஸ்ங்கிற எழுத்து வரும். பென்னும் ஃபேட்32ஆ இருக்கலாம், சைஸைப் பாத்து எடுங்க. வின்டோஸ் எந்த எழுத்துல இருக்குன்னும் பாருங்க, இங்க சி எப்பவும் சியா இருக்காது. எக்ஸிட் (exit) குடுத்துட்டு, பூட் ஃபைலை திரும்ப எழுத இதை இங்கிலீஷ்ல அடிங்க, சி இருக்கிற இடத்துல நீங்க பாத்த எழுத்தைப் போடுங்க:
பிசிடிபூட் சி:\வின்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஈஎஃப்ஐ (bcdboot C:\Windows /s S: /f UEFI)

நுவரெலியாவிலிருந்து:
அதுக்கு முந்தி புரொஜெக்டை எடுத்து வச்சிருங்க, எனக்கு அதுதான் முக்கியம்னு படுது. அதே கறுப்பு விண்டோல நோட்பேட்னு அடிச்சு, ஃபைல், ஓபன் போய் கீழ ஓல் ஃபைல்ஸ்னு மாத்தினா எல்லா போல்டரும் தெரியும், ரைட் கிளிக்ல கொப்பி பண்ணி வேற பென்ல பேஸ்ட் பண்ணலாம். டிரைவ் லொக்னு காட்டினா அது பிட்லொக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வின்டோஸ் வசதி, தங்கச்சியோட மைக்ரோசொஃப்ட் அக்கவுன்ட்ல 48 இலக்க ரெகவரி கீ இருக்கான்னு பாருங்க.

ஹட்டனிலிருந்து:
ஜிபிடி மாத்தினதும் பென் வந்துருச்சு! லொக் எதுவும் இல்ல, புரொஜெக்ட் முதல்ல கொப்பி ஆச்சு. வின்டோஸ் டீல இருந்துச்சு, சிக்குப் பதிலா டீ போட்டதும் வேலை செஞ்சுச்சு, இப்ப நேரா பூட் ஆகுது. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிண்ணே, தங்கச்சி அழுகையே நிப்பாட்டிட்டா.

பண்டாரவளையிலிருந்து:
சந்தோஷம் தம்பி. பேட்டரி மாத்துற வரைக்கும் செட்டிங்ஸ்ல அப்டேட்டை போஸ் பண்ணி வைங்க, 5 வாரம் வரைக்கும் வைக்கலாம்.