ஆம்பர்லி–அருண்டெல் நடை: ஆற்றோரப் பாதை நீரில் மூழ்கினால் மாற்று வழி எது?

இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸில், ஆம்பர்லி ரயில் நிலையத்திலிருந்து அருண்டெல் வரை ஒரே நாளில் நடக்கும் திட்டம் ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுவிடுகிறது. ஹூட்டன் பாலத்தைக் கடந்து, அருன் ஆற்றின் மேற்குக் கரையோரமாக அருண்டெல் பூங்காவின் வடக்கு எல்லைக்குச் செல்லும் மரநிழல் பாதை மழைக்காலத்தில் நீரில் மூழ்கிவிடுகிறது. இந்த ஆறு அங்கும் கடல் ஏற்றவற்றத்துக்கு உட்பட்டது என்பதால், மழை ஓய்ந்த பிறகும் தண்ணீர் எளிதில் வடிவதில்லை. அதைத் தாண்டினாலும், பூங்காவுக்குள் ஏறும் சுண்ணாம்புச் சரிவில் ஈரமண் காலணியின் அடியில் அரைத்த மாவைப் போல அப்பிக்கொள்வதால் பிடிமானமே இருப்பதில்லை.

ஹூட்டனிலிருந்து மேலேறும் நெடுஞ்சாலையில் முயன்றோம். வாகன வேகத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டோம். வேலிகளை ஏறித் தாண்டும் வேலிப்படிகளைத் தவிர்த்தும் பார்த்தோம். கைத்தடிகளும், பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிட்ட, இப்பகுதிக்கான ஓஎல்10 வரைபடமும் உள்ளன. உடன் வருபவர் என் அம்மா. முழங்கால் வலி உள்ளவர், சமதரையில் நன்றாக நடப்பார். டிசம்பர் கடைசியில் செல்கிறோம், மாலை 4 மணிக்கே இருட்டிவிடும்.

கிழக்குக் கரையில் நார்த் ஸ்டோக் சென்று, கூர்க்கா வீரர்கள் அமைத்த தொங்குபாலம் வழியாக சவுத் ஸ்டோக்கை அடைந்து, அங்கிருந்து ஆஃபம் வழியே செல்லும் சிறு சாலையில் அருண்டெலை ஒட்டிய ஸ்வான்போர்ன் ஏரிக்கு வருவது வரைபடத்தில் எளிதாகத் தெரிகிறது. குளிர்காலத்தில் அவ்வழி நடந்தவர்கள் சொல்லுங்கள்: தொங்குபாலத்தின் இருபுறமும் உள்ள புல்வெளிப் பாதை அப்போது நடக்கும் நிலையில் இருக்குமா?